பேர் வெட்டிய தட்டு

மெஷினில் ஏறுகிற நாளில்தான் அவர்கள் வாய்க்கு ருசியாக ஏதாவது தின்பார்கள். கமலநாதனின் வேனில் அது யாரும் சொல்லி வைக்காத சட்டம்.

சிறுநீரகம் ஓய்ந்து போனவர்களுக்கு வாழைப்பழம் ஆகாது, ஆரஞ்சு ஆகாது, இளநீர் கிட்டேயே போகக் கூடாது. அதிலிருக்கிற பொட்டாசிய உப்பு ரத்தத்தில் ஏறினால் நெஞ்சு நின்றுவிடும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். ஆனால் கிள்ளானில் வேன் ஏறி, பிரிக்பீல்ட்ஸ் மையத்தில் போய்ப் படுத்து, கையில் ஊசி குத்தி, சுத்தமாவதற்காக ரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்துவிட்டால், வழியில் தின்றதை மெஷின் இழுத்துக்கொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. தாதிகள் திட்டத்தான் செய்தார்கள். திட்டு வாங்கிக்கொண்டே நாகையா பிசாங் கோரேங் என்கிற வாழைப்பழ வடையில் பாதி தின்பார். இராஜம்மா இரண்டு சுளை ஆரஞ்சு தின்பார். கமலநாதனின் மனைவி தனலெட்சுமி முன் சீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு சுளையை வாயில் அடக்கிக்கொள்வாள். ஷா ஆலம் தாண்டும்வரை அதைக் கடிக்கமாட்டாள்.

இதற்கெல்லாம் ஒரே ஜாமீன் அந்த வேன்தான். தின்றபிறகு அது போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

சீனப் பெருநாளுக்கு முந்தின திங்கட்கிழமை அது போய்ச் சேரவில்லை. பத்து தீகா மேட்டில் ஏறும்போது இரண்டு முறை இருமி, பின்னால் வந்த மோட்டார்காரனெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி கரும்புகையைக் கக்கிவிட்டு, பஸ் நிற்கும் இடத்தில் நின்றுபோனது. மாசி மாத வெயில். நாகையாவுக்கு ஒரு கால் கிடையாது, சர்க்கரையில் எடுத்துவிட்டார்கள். அவரைச் சக்கர நாற்காலியோடு இறக்கி நிழலில் விட்டான் கமலநாதன். இராஜம்மா ஓரக்கல்லில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உதட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"தம்பி, உதடு மரத்துப் போவுதுப்பா எனக்கு."

"பயத்துல வர்றது அது, அக்கா. கொஞ்சம் இருங்க."

"பயமா? நான் ரெண்டு சுளை தின்னுட்டேன்டா. பெரிய பழம் வேற."

வேறு வண்டி கூப்பிடலாம் என்று போனைத் தட்டினால், பெருநாளுக்கு ஊர் முழுக்கக் காலி, ஒருத்தன்கூட எடுக்கவில்லை. கமலநாதன் முன் சீட்டைத் தூக்கி, அடியில் இருந்த இஞ்சினை ஸ்பேனரால் அங்கே இங்கே தட்டினான். எதைத் தட்டினான் என்று அவனுக்கே தெரியாது. எதுவோ விழுந்து, இஞ்சின் நொண்டி நொண்டிக் கிளம்பியது. சிமிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு ஓரமாகவே ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது, தாதி வாசலிலேயே நின்றிருந்தாள். இராஜம்மாவின் நெஞ்சில் வயரை ஒட்டிப் பார்த்துவிட்டு அவள் கத்திய கத்தல் தெரு வரைக்கும் கேட்டது.

நாலு மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். போர்ட் கிள்ளான் ஃப்ளாட்டில் இறங்கும்போது இராஜம்மா சொன்னார்.

"புதன்கெழமை வருவேன். வராம எங்க போறது? ஆனா இந்த வண்டியில ஒரு சோத்துப் பருக்கைகூட இனிமே என் வாயில போவாது."

கமலநாதனுக்கு அறைந்த மாதிரி இருந்தது. அந்தம்மாவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. வாரத்தில் அந்த இரண்டு சுளைக்காகத்தான் அவர் விடிந்ததும் எழுந்திருக்கிறார் என்று தனலெட்சுமி ஒரு தடவை சொல்லியிருக்கிறாள்.

அன்று மாலையே மெக்கானிக் ஆ லெக்கைப் போனில் பிடித்தான். ஆ லெக் கிள்ளானில் பிறந்து வளர்ந்த சீனன், தமிழில் மலாயைக் குழைத்துப் பேசுவான். பெருநாளுக்குச் சித்தியவானில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தான். போன் திரையில் அவன் சிவந்த முகமும், பின்னால் வெடிச் சத்தமும் வந்தன.

"அண்ணே! மொதல்ல வாழ்த்து சொல்லு."

"கோங் சீ, கோங் சீ. தௌக்கே, வேன் என்னைக் கொன்னுடும்போல இருக்குய்யா." நடந்ததையெல்லாம் சொல்லி, போனை இஞ்சின் பக்கம் திருப்பிக் காட்டினான்.

ஆ லெக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "கறுப்புப் புகை? வண்டிய நிறுத்துனா இஞ்சினும் நின்னு போவுது? மேடு ஏறாது? சரி, அந்த பைப் பாரு, கைவெரல் தடி. இஞ்சின் விடற புகையில கொஞ்சம் அதுல திரும்ப வந்து, இஞ்சினே குடிக்குது."

"எதுக்குய்யா விட்ட புகையையே குடிக்கணும்?"

"வெளிய போற காத்து கொஞ்சம் சுத்தமா இருக்கும்லா. புதுசுல நல்லதுதான். நடுவுல ஒரு வால்வ், ஈ.ஜி.ஆர், அது தொறக்கும், மூடும். உன்து கரி புடிச்சு வாயத் தொறந்தே கெடக்கு. எப்பவும் புகையே குடிச்சா எப்படி மூச்சு விடும்?"

பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த தனலெட்சுமி, "அப்ப அதுக்கும் எனக்கும் ஒரே வியாதியா?" என்றாள். வாயில் ஐஸ் கட்டி ஒன்றை அடக்கியிருந்தாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து கொடுத்திருப்பதால், பாதியை ஐஸாக உறைய வைத்துச் சப்புவது அவள் பழக்கம். "கழிவை வெளியாக்க முடியாம திரும்ப உள்ளேயே சுத்துதே."

"ஆமா அக்கா, சரியா சொன்ன!" ஆ லெக் அங்கே தொடையைத் தட்டினான். "புது வால்வ் போடணும். ஆனா கடையெல்லாம் தூத்தூப், மூடிட்டான். நான் வர ஒரு வாரம் ஆவும். அதுவரைக்கும் அந்த பைப் மூட்டுல ஒரு தகடு வச்சு அடைச்சிடு. தூத்தூப் சாஜா, மூடுனா போதும். வந்து நான் முறையா செஞ்சு தரேன்."

"அடைச்சா ஒண்ணும் ஆவாதா?"

"ஒரு மஞ்ச லைட்டு எரியும். புகை எங்க காணோம்னு கம்ப்யூட்டர் தேடும். தேடட்டும். செவப்பு லைட்டு எரிஞ்சா மட்டும் உடனே நிறுத்து."

மறுநாள் பெருநாள். தெருவே மூடிக் கிடந்தது. கமலநாதன் காலையில் பசியாறிவிட்டு வேனை வேப்பமரத்தடியில் நிறுத்தி, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினான். போர்ட் கிள்ளானில் ஓட்டை விழுந்த கன்டெய்னர்களுக்கு ஒட்டுப்போடும் வேலையில் முடி நரைத்தவன் அவன். இஞ்சின் வைத்தியம் தெரியாவிட்டாலும் இரும்பை வெட்டத் தெரியும். அந்த வேலையை விட்டபோது கூட வந்தவை ஒரு கிரைண்டரும் ஒரு டிரில்லும் ஒரு முதுகுவலியும்தான்.

பைப் மூட்டின் இரண்டு நட்டும் துருவேறி இறுகியிருந்தன. எண்ணெய் ஊற்றி, காத்திருந்து, மறுபடி ஊற்றி, ஸ்பேனரில் குழாயைக் கோத்துத் தொங்கியபோது ஒன்று கிரீச்சென்று இளகியது. இரண்டாவதற்கு உள்ளங்கைத் தோல் போனது. மூட்டைப் பிரித்து உள்ளே விரல் விட்டான். கரி, நெய் சேர்த்துப் பிசைந்த எள்ளுருண்டை மாதிரி அப்பியிருந்தது. விரல் போகிற அளவு ஓட்டையில் ஈர்க்குச்சி போகிற வழிதான் பாக்கி. இந்த இஞ்சினை நம்பித்தானே இவ்வளவு நாள் நம் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போனோம் என்று நினைத்துக்கொண்டே விரலைத் துணியில் அழுத்தித் துடைத்தான்.

தகட்டுக்குக் கண்ணில் பட்டது மைலோ பானப் பொடி டின் மூடி. மூட்டில் இருந்த பழைய கேஸ்கெட் என்ற அடைப்பு வளையத்தை மேலே வைத்து ஆணியால் கோடு கிழித்து, கத்தரியால் நறுக்கி, இரண்டு ஓட்டை போட்டு மாட்டினான். கிளப்பினால், அடடா, இஞ்சின் பூனை மாதிரி முனகியது. புகையே இல்லை. வாயெல்லாம் பல்லாகப் போர்ட் கிள்ளான் ரோட்டில் ஒரு சுற்றுப் போனான். திரும்பி வருகையில் சீட்டுக்கு அடியில் உஸ்ஸென்று பாம்பு சீறியது. நிறுத்திப் பிரித்துப் பார்த்தால், மைலோ மூடியின் நடுவில் காசு அளவுக்கு எரிந்து ஓட்டை.

ஆ லெக் போனில் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. "மைலோ டின்னா? அண்ணே, அது குடிக்கிற புகை இல்ல, நெருப்பு! ஸ்டீல் வேணும். தடியான சில்வர்!"

தடியான சில்வர். கமலநாதன் அடுப்படிக்குப் போனான். தனலெட்சுமி அறையில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். கணுக்கால் வீங்கி, கொலுசு இருந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. நாளை மெஷினில் ஏறாவிட்டால் அந்த வீக்கம் நெஞ்சுக்கு ஏறும். இரண்டு முறை தண்ணீர் மாற்றி வேகவைத்த உருளைக்கிழங்கு, உப்புச் சப்பில்லாமல் மூடி வைத்திருந்தது. அலமாரியில் இருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். எல்லாம் இப்போதைய தட்டு, காகிதம் மாதிரி வளைந்தன. மேல்தட்டில், பழைய துணியில் சுற்றி, ஒரு பெரிய தாம்பாளம் இருந்தது. தூக்கும்போதே கனம் தெரிந்தது. விரலால் சுண்டினால் கோயில் மணி மாதிரி இழுத்துக்கொண்டு ஒலித்தது.

தாம்பாளம் எந்நேரமும் மேலேயேதான் கிடக்கிறது. அவளை எழுப்பிக் கேட்க மனம் வரவில்லை. அள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

கேஸ்கெட்டை நடுவில் வைத்துக் கோடு கிழித்து, கிரைண்டரைப் போட்டான். பொறி மரத்தடியெல்லாம் பறந்தது. வெட்ட வெட்டச் சூடேறிக் கையுறைக்குள் விரல் வெந்தது. சில்வரில் ஓட்டை போடுவது லேசா? டிரில் ஊசி வழுக்கி வழுக்கி ஓடியது. ஒரு வழியாகத் தகடு கையில் வந்தது, கனமாக, அச்சு அசலாக. ஓரத்துப் பிசிறை அரத்தால் தேய்க்கத் திருப்பினான்.

பின்பக்கத்தில், இரண்டு ஓட்டைக்கும் நடுவில், புள்ளி புள்ளியாக எழுத்துக் குத்தியிருந்தது. தனலெட்சுமி.

அரம் கையிலேயே நின்றது.

அவர்கள் கல்யாணத்துக்கு அவள் அண்ணன் கிள்ளான் கடைத்தெருவில் வாங்கிப் பேர் வெட்டிக் கொண்டுவந்த சீர்த் தாம்பாளம். பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர்கள் ஓரத்திலோ அடியிலோ வெட்டுவார்கள் என்பது கமலநாதனுக்குத் தெரியாததா? மேற்பக்கத்தையே பார்த்து வெட்டிவிட்டான். வருஷமும் அவள் அப்பா பேரின் முதல் எழுத்தும் மீதித் தட்டில் நின்றுபோயின. பேர் மட்டும் தனியாக அவன் உள்ளங்கையில் கிடந்தது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலில் அந்தப் பேரைச் சொல்லி, நட்சத்திரம் சொல்லி, அர்ச்சனை வைக்கிறவன் அவன். அந்தப் பேரைக் கொண்டுபோய் நெருப்பின் வாயில் வைப்பதா? அதுவும் அவள் இருக்கிற இருப்பில். கிரைண்டரால் பேரைத் தேய்த்து அழித்துவிடலாமா என்று நினைத்தான். நினைத்த மாத்திரத்தில் அது அதைவிடக் கேடு என்று பட்டது. பெண்டாட்டி பேரைத் தன் கையால் அழிப்பவன் எவன்? வேறு துண்டு வெட்டலாம் என்றால் இருந்த ஒரே டிரில் ஊசியும் அந்த இரண்டு ஓட்டையோடு மழுங்கிப் போயிருந்தது.

சுருட்டைப் பற்ற வைத்தான். பாதியில் அணைத்தான். கடைசியில் தகட்டைத் துடைத்து, பேர் இருக்கிற பக்கத்தைக் குளிர்ந்த காற்று வருகிற பக்கமாகத் திருப்பி, வெறும் பக்கத்தை நெருப்புக்குக் காட்டி, இரண்டு நட்டையும் முறுக்கினான். முறுக்கும்போது வாய் தானாக முருகனைக் கூப்பிட்டது.

மீதித் தட்டை எங்கே ஒளிக்கலாம் என்று நிமிர்ந்தபோது தனலெட்சுமி கதவோரம் நின்றிருந்தாள். கையில் அவனுக்கான காப்பி.

"என்னங்க அது?"

"எது?"

"முதுகுக்குப் பின்னால வச்சிருக்கீங்களே, அது."

கமலநாதன் நடுவில் பெரிய ஓட்டை விழுந்த தாம்பாளத்தை முன்னால் கொண்டுவந்தான். அவள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை வழியாக அவனையும் பார்த்தாள்.

"எங்கண்ணன் வாங்குனது."

"தெரியும் தனம்."

"இதுல என் பேரு இருந்துச்சு."

"அதுவுந் தெரியும். இப்பத்தான் தெரியும்." மூச்சு விடாமல் கொட்டினான். "மைலோ மூடி எரிஞ்சு போச்சு. கடையும் இல்ல. இது ஒண்ணுதான் தடியா இருந்துச்சு. அடியில பாக்காம வெட்டிட்டேன். அழிச்சிடலாம்னு பாத்தேன், மனசு வரல. பேரை நெருப்புப் பக்கம் வைக்கல தனம். காத்து வர்ற பக்கந்தான் வச்சிருக்கேன். வேணாம்னா சொல்லு, இப்பவே கழட்டிடறேன். நாளைக்கு நாகையாண்ணனை முதுகுல தூக்கிட்டாவது போறேன்."

அவள் தாம்பாளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவன் பதறி எழுந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாகையாண்ணனை முதுகுல தூக்கிட்டு... ஒங்க முதுகு இருக்கிற இருப்புக்கு... அவரு உங்களைத் தூக்கிக்கிட்டு வந்தாத்தான் உண்டு."

"சிரிக்காதடி. கழட்டவா வேணாமா, சொல்லு."

"அந்த மூட்டு எங்க இருக்கு?"

"முன் சீட்டுக்கு அடியில."

"என் சீட்டுக்கா?"

"ஒன் சீட்டுக்குத்தான்."

"அப்ப சரி. நான் மேல உக்காந்திருக்கேன், என் பேரு கீழ உக்காந்திருக்கு. புகை உள்ள வராம நான் பாத்துக்கறேன், நீங்க ரோட்டைப் பாருங்க." காப்பியை எடுத்து நீட்டினாள். "ஆறிப்போச்சு. எனக்குக் குடுத்து வைக்கல, நீங்களாவது முழுசாக் குடிங்க. ஆனா ஆ லெக் வந்து புதுசு போட்டதும் அந்தத் தகடு என் கைக்கு வரணும், ஆமா."

புதன்கிழமை இராஜம்மா ஃப்ளாட்டு வாசலில் மடக்கு ஸ்டூலோடு நின்றார். ஸ்டூல், குடை, கைவிசிறி, ஈரத்துணி ஒரு டப்பாவில்.

நாகையா பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். ரயில்வேயில் தண்டவாளம் பார்த்த மனிதர், வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. "என்ன இராஜம்மா, பாய் தலகாணி எங்க? குடித்தனமே பண்ணிடலாம் ரோட்டோரத்துல."

"ஒனக்கு நாற்காலி ஒன்கூடவே வருது, பேசுவ. நான் கல்லுல உக்காந்து இடுப்பு போனது எனக்குத்தான் தெரியும்."

"அக்கா, வண்டி சரியாயிடுச்சுக்கா" என்றான் கமலநாதன்.

"சந்தோசம் தம்பி. ஸ்டூலு இருக்கட்டும்."

ஆ லெக் ஊருக்குப் போகுமுன் கொடுத்துவிட்டுப் போன ஆரஞ்சுப் பெட்டி வேனுக்குள்ளேயே இருந்தது. வாசனை மூக்கைத் துளைத்தது. நாகையா ஒன்றை எடுத்து முகர்ந்தார். இராஜம்மா பார்த்த பார்வையில் திரும்ப வைத்துவிட்டார்.

கிள்ளான் தாண்டி ஃபெடரல் ஹைவேயில் ஏறியதும் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. இராஜம்மாவுக்குக் கண்புரை எடுத்த கண், நன்றாகவே தெரியும்.

"தம்பி! லைட்டு!"

"அது ஒண்ணுமில்லக்கா. ஆ லெக் சொல்லிட்டான், எரியும்னு. புகையைக் காணோம்னு தேடுது."

"ஒண்ணுமில்லாததுக்கு யாராவது லைட்டு வைப்பானா?"

"சிவப்பு லைட்டு எரிஞ்சாத்தான்க்கா நிக்கணும். அது எரியல, பாருங்க."

"எனக்கு அதைப் பாத்தா நெஞ்சு அடிச்சுக்குதுப்பா."

தனலெட்சுமி தன் நெற்றியிலிருந்த ஒட்டுப் பொட்டைக் கிள்ளி எடுத்து, குனிந்து, அந்த மஞ்சள் விளக்கின் மேல் மட்டும் ஒட்டினாள். பக்கத்து விளக்கு எதுவும் மறையாமல் நகத்தால் ஓரம் சரிசெய்தாள். "இப்ப?"

நாகையா கையைத் தட்டினார். "வண்டிக்குப் பூ மட்டுந்தான் பாக்கி!"

பத்து தீகா மேடு வந்தது. இராஜம்மா கண்ணை மூடிக்கொண்டார். கமலநாதன் கியரை மாற்றிக் காலை அழுத்தினான். போன தடவை இருமிய இடம். சீட்டுக்கு அடியில் இருமல் இல்லை, உஸ்ஸும் இல்லை. வேன் ஒரு மூச்சு இழுத்தது, மேலே ஏறியது. முன்னால் போன லோரியை எட்டிப் பிடித்தது. அவன் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். பின்னால் ரோடு தெரிந்தது. ரோடுதான் தெரிந்தது, வெள்ளையாக, வெயிலோடு. அவ்வளவு நாளாக அந்தக் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியின் முகத்தையே அவன் பார்த்ததில்லை.

தனலெட்சுமி தன் சீட்டை உள்ளங்கையால் லேசாகத் தட்டிக்கொடுத்தாள். யாரை என்று அவன் கேட்கவில்லை.

"அந்த பஸ் ஸ்டாப்பு போயிடுச்சா?" இராஜம்மா கண்ணை மூடியபடியே கேட்டார்.

"எப்பவோ போயிடுச்சுக்கா."

"ம்."

நேரத்தோடு போய்ச் சேர்ந்ததைப் பார்த்துத் தாதிக்கே ஆச்சரியம். நாலு மணி நேரம் அவர்கள் மெஷினில் கிடக்க, கமலநாதன் பிரிக்பீல்ட்ஸ் மரத்தடியில் வேன் கதவைத் திறந்து போட்டுவிட்டு, பல நாள் கழித்து வாய் பிளந்து தூங்கினான். திரும்புகிற வழியில் ஸ்டூல் மடக்கியபடியே இராஜம்மாவின் காலடியில் கிடந்தது.

வெள்ளிக்கிழமை ஃப்ளாட்டு வாசலில் வேன் போய் நின்றபோது, குடையில்லை, விசிறியில்லை, ஸ்டூலைக் காணோம். இராஜம்மா நல்ல சேலையில், தோள்பையை அணைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்.

"என்னக்கா, ஸ்டூலு?"

"அதையா? பக்கத்து வீட்டுக்காரி கேட்டா, குடுத்துட்டேன்." அவர் குனிந்து பெட்டியிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்தார். பெரிய பழமாகப் பார்த்துத்தான் எடுத்தார். நகத்தால் தோலைக் கிழித்ததும் வேன் முழுக்க வாசனை பரவியது. நாகையாவுக்கு ஒரு சுளை கொடுத்தார். முன் சீட்டுக்கு எட்டி, தனலெட்சுமியின் உள்ளங்கையில் ஒன்று வைத்தார்.

கமலநாதன் சாவியைக் கையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தான். "அக்கா, இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையே."

"பண்ணுப்பா, யாரு வேணாம்னா?" என்றார் இராஜம்மா. சொல்லி முடிக்குமுன்பே முதல் சுளை அவர் வாய்க்குள் போய்விட்டது.